கண்ணாடி மூக்கு விமானமும் ஒரு வாக்குமூலமும்

“சீபெல் 204. ஜெர்மன். இரண்டு எஞ்சின். 1945.” படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது இவ்வளவுதான். 1986 பெப்ரவரியில், அதைச் சட்டத்திலிருந்து கழற்றிய அன்று, என் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

சுவிஸின் டாவோஸ் ஊரில் நாங்கள் கோப்பை கழுவிய ஹோட்டலில், சமையலறைக்குப் போகும் நடையில் அது தொங்கியது. ஆட்களையும் கடிதங்களையும் ஏற்றிப்போகும் சிறிய விமானம், ஒரு வயலில் நின்றது. மூக்கு முழுவதும் கண்ணாடி. போர் முடியும் தறுவாயில் சுவிஸில் வந்திறங்கியதாம். படம் எடுத்தவர் தலைமைச் சமையற்காரரின் தகப்பன்.

நானும் என் அறைக்கூட்டாளியும் ஜெர்மன் பழகியது அதன் முன்னால்தான். நான் புத்தகம் பார்த்து வசனம் எழுதுவேன், அவன் மனப்பாடம் செய்வான். விமானத்துக்கு இரண்டு எஞ்சின். மூக்கு கண்ணாடி. அது தாழப் பறக்கிறது.

கூர் நகரத்தில் அவனுடைய அகதி விசாரணை நடந்தது. மாலை ரயிலில் திரும்பி வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“மச்சான், மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே வைக்கேல்ல. மேல இருந்து வீட்டைச் சுட்டது எப்பிடி இருந்தது எண்டு கேட்டாங்கள். ரெண்டு எஞ்சின், கண்ணாடி மூக்கு, தாழப் பறந்தது எண்டு ஜெர்மன்லயே சொன்னனான்.”

“எடேய், உன்ர வீட்டைச் சுட்டது ஹெலிகொப்டரெல்லோ!”

அவன் முகம் வெளுத்தது. “எழுதினதைத் தமிழில வாசிச்சுக் காட்டவோ எண்டு கேட்டவை. எனக்கு விளங்கும் எண்டு சொல்லிக் கையெழுத்தும் வச்சிட்டன்.”

இரண்டாம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. இடையில் இருந்த பதினொரு நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எழுதிய வசனங்கள்தான் அவனைத் திருப்பி அனுப்பப்போகின்றன என்று எனக்கும் பயம்.

“இப்ப மாத்திச் சொன்னா பொய்யன் எண்டுவாங்கள்.”

“மாத்தாட்டி? நாப்பது வருசத்துக்கு முந்தின ஜெர்மன் பிளேன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது எண்டு நிப்பியோ?”

“பெற்றோலுக்கு எங்க நிண்டதாம் எண்டு கேப்பாங்கள்.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

கடைசியில் சமையற்காரரிடம் படத்தைக் கேட்டோம். திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நாளன்று கூரில் நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்குக் கதவு மூடியது, பதினொன்று பத்துக்குத் திறந்தது. அவன் வெறுங்கையுடன் வந்தான்.

“படம் எங்க?”

“வச்சிட்டினம். இந்தமுறை தமிழிலதான் கதைச்சனான். இதைப் பாத்துத்தான் ஜெர்மன் பழகினனாங்கள், அதைத்தான் ஒப்பிச்சனான் எண்டு சொன்னன்.”

“நம்பினவையோ?”

“ஒருத்தர் சன்னலடிக்குக் கொண்டுபோய்க் கனநேரம் பாத்தவர். பிறகு கோப்புக்குள்ள வச்சிட்டார்.”

அதன்பின் தபால்காரரின் காலடி கேட்டாலே கையில் இருக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவான். அந்த ஆண்டு முடியுமுன் பதில் வந்தது: அவன் சுவிஸில் இருக்கலாம். கடிதத்தை நானே மூன்று முறை வாசித்தேன். விமானம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நடையில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைத் திருப்பித் தரும்படி இரண்டு கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. அவனைக் காப்பாற்றியது அந்தப் படமா, அது இப்போதும் அவனுடைய கோப்பில் இருக்கிறதா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.