மூன்று தரம் கேட்ட கேள்வி

1. கட்டாய வகுப்பு

மொன்றியலில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பத்தொன்பது வருடம் கிளார்க்காக இருந்தேன். டிஸ்சார்ஜ் படிவம் என் கை படாமல் வெளியே போகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் நடப்பும் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில், கனடாவின் வடகோடியிலிருந்து பிரசவத்துக்காகப் பிளேனில் வரும் இனுயிற் பழங்குடித் தாய்மாரைப் பற்றி எங்களுக்கு அரைநாள் வகுப்பு வைத்தார்கள். எடுத்தவர் ஆனி, அவரும் இனுயிற் பெண். மேலே வேலை குவிந்து கிடக்கிறதே என்ற எரிச்சலில் கையை உயர்த்திச் சொல்லிவிட்டேன். பேசியது ஆங்கிலம், எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"நாங்கள் இலங்கையில சண்டைக்குத் தப்பி ஒரு சூட்கேசோட வந்த ஆக்கள். வெள்ளைக்காரர் மாதிரி ஒருத்தற்ற காணியையும் பிடிக்கேல்லை. எங்களுக்கேன் இந்த வகுப்பு?"

ஆனி என்னையே பார்த்தார்.

"என்ர அம்மாவை ஆறு வயசில அரசாங்க ஆக்கள் பிளேனில ஏத்திக்கொண்டுபோய் போர்டிங் பள்ளிக்கூடத்தில விட்டவை. அம்மம்மா கையெழுத்து வைச்ச பேப்பர் இருந்தது. அதில என்ன இருந்ததெண்டு அவவுக்குத் தெரியாது."

முடிவில் ஆளுக்கொரு மஞ்சள் பைல் தந்தார். அதன் மேல்தான் நான் தேத்தண்ணிக் கப்பை வைத்தேன்.

2. டாக்சி நின்ற மத்தியானம்

இரண்டு கிழமை போயிருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க இனுயிற் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு என் மேசைக்கு வந்தாள். கீழே டாக்சி நிற்கிறது, இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் பிளேன். பிள்ளையைப் பெற்ற இளம்பெண் பக்கத்தில் நின்றாள். பிரஷர் இறங்காததால் அவள் வார்டில் தங்க வேண்டும்.

"இவள் வயித்தில இருக்கேக்கயே பிள்ளையை எனக்குத் தந்திட்டாள். எங்கட வழக்கம்," என்றாள் மூத்தவள்.

"பேப்பர் இருக்கோ?"

இல்லை. இளையவளிடம் திரும்பினேன். "நீர் விரும்பித்தான் குடுக்கிறீரோ?"

நிலத்தைப் பார்த்தாள். திரும்பக் கேட்டேன். மூன்றாம் தரம் குரலை உயர்த்தினேன். பதிலில்லை. பயந்துபோய் நிற்கிறாள், பிள்ளையைப் பறிக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டி, சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அவர்கள் பைல் திறந்தால் பிள்ளை வீடு போய்ச்சேர எத்தனை மாதமோ. தெரிந்தும் எடுத்தேன். லைனில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். மூத்தவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

நர்ஸ் பத்மா, மட்டக்களப்புக்காரி, தமிழில் கேட்டாள்: "அக்கா, சுபாவ உங்களுக்குத் தந்தது ஆரு? பேப்பர் எழுதியா தந்தவ?"

சுபா நான் வளர்த்த மகள்; பெற்றது என் தங்கச்சி. எனக்குப் பிள்ளையில்லை என்று என் கையில் தூக்கித் தந்தாள். சுபாவோடு கனடாவில் வந்து இறங்கிய அன்று, "இது உங்கட பிள்ளையோ?" என்று ஏர்போர்ட் அதிகாரி கேட்டபோது எனக்கு நாக்கு எழும்பவில்லை. அந்த மனிசன் பேனையை மேசையில் வைத்துவிட்டு, நான் வாய் திறக்கும்வரை பொறுத்திருந்தார். அதனால்தான் என்னால் உள்ளதைச் சொல்ல முடிந்தது.

போனை வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கப்பைத் தூக்கிவிட்டு மஞ்சள் பைலைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே கிடந்தது: உறவுக்குப் பிள்ளை கொடுப்பது அவர்கள் வழக்கம், ஊரில் பதிந்துகொள்வார்கள், சந்தேகமென்றால் ஆனியைக் கூப்பிடவும்.

ஆனி போனில் இளையவளோடு அவர்கள் பாஷையில் கதைத்தார். பிறகு என்னிடம், "மனம் விரும்பித்தான் குடுக்கிறாள். மற்றவ அவளின்ர பெரியம்மா. கெதியா விடுங்கோ," என்றார்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பிளேனைப் பிடித்துவிட்டார்கள் என்று பின்னேரம் தகவல் வந்தது.

வேலை முடிந்ததும் இளையவளின் கட்டிலடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

"மூண்டு தரம் கேட்டனீங்கள்," என்றாள். "ஒருக்காக் கேட்டுட்டுப் பொறுத்திருந்தா, அப்பவே சொல்லியிருப்பன்."

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் மறந்துபோனேனே. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்துவிடுங்கள்.