எம்.பி.யிடம் கஞ்சா கேட்டுப் போனோம்

போன சனிக்கிழமை எம்.பி.யிடம் கஞ்சா கேட்டுப் போனோம். தேநீர் புரைக்கேறினால் நான் பொறுப்பல்ல... முழுவதையும் கேளுங்கள்.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டு ராஜி அக்காவுக்கு எம்.எஸ். என்கிற நரம்பு நோய். கால்கள் கட்டை போல இறுகிவிடும். வலியில் தூக்கம் கிடையாது. மாத்திரைகள் மயக்கத்தைத் தந்தன, வலியைப் போக்கவில்லை. அதே நோயுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண் கொடுத்த கஞ்சாதான் கால்களைத் தளர்த்தியது. ஆனால் அது குற்றமாயிற்றே? அக்காவின் அகதி வழக்கு வேறு ஹோம் ஆபீஸில், அதாவது உள்துறை அமைச்சில், முடியவில்லை. பயத்தில் நிறுத்திவிட்டார். வலி திரும்பி வந்தது.

டாக்டர்களே அதை மருந்தாக எழுதித்தரச் சட்டம் வேண்டும் – இதுதான் அக்காவும் நானும் எழுதிய கோரிக்கை.

வெஸ்ட் ஈலிங் கோயில் வாசலில் கையெழுத்துக் கேட்டோம். பரிதாபமாகத் தலையாட்டியவர்கள், பேனாவைக் கண்டதும் செருப்பைத் தேடினார்கள்.

"கஞ்சா எண்டு எழுதின பேப்பரில என்ர பேரோ? எனக்கு அகதிக் கேஸ் இருக்குது தங்கச்சி" என்றார் கடைக்கார நேசன் அண்ணை. கோபம் வந்தது. ஆனால் அவர் பயம் பொய்யா?

சரி, எம்.பி. சனிக்கிழமைகளில் தொகுதி மக்களைச் சந்திப்பாரே... எங்கள் ஆட்களுக்குத் தெரியாத வரிசையா அது? போனோம். வரிசையில் விசாக் கடிதத்தோடு நேசன் அண்ணையும் இருந்தார்.

எம்.பி. எங்கள் முகங்களைப் பார்த்ததுமே பேனாவை எடுத்தார். "ஹோம் ஆபீஸ் விஷயமா?"

"ஆமாம், கஞ்சாச் சட்டமும் அவர்கள் கையில்தானே. ஆனால் விசாவுக்கு வரவில்லை, என் கால்களுக்காக வந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அக்கா. "இருபது வருடங்களுக்கு முன்பு, 1973 வரை, இந்த நாட்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்துதான். அதைத் திரும்பத் தாருங்கள்."

எம்.பி. நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறையக் கேட்டார், எழுதிக்கொண்டார். "வாக்குறுதி தர முடியாது. ஆனால் அமைச்சரிடம் நிச்சயம் கேட்கிறேன்."

வெளியே வந்ததும் நேசன் அண்ணை வழிமறித்தார்.

"எம்.பி. என்ன சொன்னவர்?"

"அமைச்சரிட்டக் கேக்கிறன் எண்டவர்" என்றேன்.

விசாக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப அந்தப் பேப்பரைத் தாங்கோ."

அவர் கையெழுத்துப் போட, வரிசையில் பேப்பர் கைமாறிப் போயிற்று.

"பதில் வரக் கனகாலம் செல்லுமே, அக்கா" என்றேன்.

"ஓம். வராட்டி அடுத்த சனிக்கிழமையும் வந்து இருப்பம்."

காத்திருப்பதில் எங்கள் ஆட்களை வெல்ல ஹோம் ஆபீஸாலும் ஏலாது.