ஓர் அறைக்குப் பால் காய்ச்சினோம்

சென்னையில் ஒரு தின்பண்ட நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு வேலையை விட்டுவிட்டு, அறந்தாங்கியில் புகுந்த வீட்டின் முன்னறையில் ஆலோசனைத் தொழில் தொடங்கினேன். சிறிய அளவில் தின்பண்டம் செய்பவர்களுக்கு, பொருள் கெடாமல் கடை வரை போய்ச் சேர வழி சொல்வது என் தொழில். பழைய அலுவலகம் என் இடத்தை மாதக் கடைசி வரை நிரப்பாமல் வைத்திருந்தது. அதற்குள் ஒரு வாடிக்கையாளர்கூட அமையாவிட்டால் திரும்பிப் போவதாகக் கணவரிடம் சொல்லியிருந்தேன். நம்பிக்கை தந்தவர் ஒரே ஒருவர்தான். புதுக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுத்துப் பாக்கெட் போடும் ஓர் அம்மாள், வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதே வெள்ளிக்கிழமை பால் காய்ச்சியே தீரவேண்டும் என்றார் மாமியார்.

“ஒரு ரூமுக்கு யாராவது பால் காய்ச்சுவாங்களா அத்தை?”

“தொழிலு தொடங்குறமுல்ல ஆத்தா. நம்ம நாலு பேரு மட்டுந்தான்.”

அந்த நாலு பேரை அவர் கைபேசியில் எப்படிப் பெருக்கினாரோ! எதற்கு என்று சொல்லாமல், மருமகள் பால் காய்ச்சுகிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். புதுவீடு என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். விடிந்ததும் ஆட்டோக்கள் வந்தன. இறங்கிய ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் பளபளக்கும் தாள் சுற்றிய சுவர்க்கடிகாரம்.

கணவரின் பெரியம்மா வாசலில் நின்று இரு பக்கமும் பார்த்தார். “புது வீடு எங்கிட்டுத்தா?”

“இந்த ரூம்தான் பெரியம்மா.”

எட்டிப் பார்த்தார். “இதுக்குள்ள எப்படித்தா குடியிருப்பீங்க?”

“கடைக்காரன் கடியாரத்தத் திருப்பி எடுக்கமாட்டான்,” என்றார் சின்ன மாமனார். “பேசாம ஒரு வீட்டக் கட்டிரு ஆத்தா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, முந்திரி அம்மாள் வந்துவிடுவாரே என்ற கவலையும் வந்தது. முந்திரி அம்மாள் வந்தபோது, நான் பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்திருந்த மேசையில் மடிக்கணினி தெரியவில்லை. கேசரிப் பாத்திரம்தான் தெரிந்தது. “சாப்ட்டுட்டுத்தான் பேச்சு” என்று மாமியார் அவரைப் பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டார். வந்த காரியத்தை யாரோ விசாரிக்க, அவரும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்:

“முந்திரி பாக்கெட்டுக்குள்ளயே நமுத்துப்போகுதுங்க. கடையில திருப்பி அனுப்பிச்சிடுறாங்க.”

பந்தியில் இருந்த எல்லோரும் ஆலோசகர்கள் ஆனார்கள்.

“வெயில்ல காயப்போடுங்க.”

“நாலு அரிசியப் போட்டுக் கட்டுங்க.”

“கண்ணு பட்டிருக்கும். எலுமிச்சம்பழத்தச் சுத்திப் போடுங்க.”

யோசனை இவ்வளவு தாராளமாகப் பரிமாறப்படும் ஊரில், அதையே தொழிலாகக் கொள்ளத் துணிந்த என் பேதைமையை வியந்தபடி கேசரிக் கரண்டியோடு நின்றேன். பேச்சு சற்று ஓய்ந்ததும் கேட்டேன்:

“வறுத்ததும் எவ்வளவு நேரம் ஆற விடுவீங்க?”

“ஆறவா? சூட்டோடயே கட்டிருவோம். அப்பத்தான வாசம் போகாது!”

“சூட்டோட கட்டுனா உள்ளயே வேர்த்துரும்ங்க. கவரும் மெல்லிசா இருக்கலாம். நேர்ல பாத்தாத்தான் முழுசாச் சொல்ல முடியும்.”

“சோத்து டப்பா மூடியில தண்ணி கோத்து நிக்குமே, அது மாதிரியா?” என்றார் பெரியம்மா.

“அதேதான் பெரியம்மா.”

முந்திரி அம்மாள் இலையை மடித்தார். “அப்ப நீங்க வந்து பாத்துருங்க. பீஸு போன்ல பேசுனதுதான? திங்கக்கிழம வாரீங்களா?”

நான் வாய் திறக்குமுன் மாமியார் ஒப்புக்கொண்டார்: “ராகுகாலம் கழிச்சு வருவா.”

கை கழுவி வந்த முந்திரி அம்மாள், தம் பையிலிருந்து பளபளக்கும் சதுரம் ஒன்றைக் கூச்சத்தோடு எடுத்தார். “தெருமுக்குல வழி கேட்டேன். பால் காய்ச்சுற வீடான்னாங்க. வெறுங்கையோட எப்படிங்க வாரது?”

அன்று மதியம் பழைய அலுவலகத்தை அழைத்து, இனி வரவில்லை என்று முறையாகச் சொல்லத் தொடங்கினேன். கூடத்தில் சின்ன மாமனார் எல்லாக் கடிகாரங்களுக்கும் பேட்டரி போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒன்று மணி அடித்தது, ஒன்று கிளியாகக் கத்தியது, மற்றவையும் சேர்ந்துகொண்டன.

“என்ன மேடம் சத்தம்? எங்க இருக்கீங்க?”

“ஆபீஸ்லதாங்க,” என்றேன்.