பதினெட்டு டிகிரியில் ஒரு முற்றுகை

என் மேசை ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் பருமன், பாதி உரிந்த மஞ்சள் பெயின்ட், வெட்டுப்பட்டு மழுங்கிய ஒரு முனை. கன்டெய்னர் கதவைப் பூட்டப் போடும் போல்ட் சீலின் பாதி அது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பேப்பர் வெயிட் என்று நினைத்து அதை என் காகிதங்களின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். நான் உடனே எடுத்து ஓரத்தில் வைத்துவிடுவேன். காகிதத்தின் மேல் அது இருப்பதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியாது.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே எனக்கு ஆவணப் பிரிவில் வேலை. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் எங்களிடம் வரும். சுங்கத்துக்கான படிவத்தை நாங்கள் நிரப்பிக் கொடுப்போம். அவர்கள் பார்த்து விடுவித்தால் பெட்டி லாரி ஏறும். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அந்த அறையிலேயே வேகமாக டைப் அடிக்கிறவள் நான்தான் என்று ஒரு கர்வத்தோடு உட்கார்ந்திருந்தேன். கர்வம் என்றால் சாதாரணக் கர்வம் இல்லை. பக்கத்து சீட்காரி ஒரு படிவம் முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்துவிட்டு, அவளைப் பார்த்து டீ குடிப்பேன்.

அந்த வாரம் முழுக்கக் கழிவுக் காகிதப் பெட்டிகள். வெளிநாட்டுக்காரன் தூக்கிப் போட்ட பேப்பரும் அட்டையும் கப்பலில் வரும். இங்கே மில்லில் அரைத்துக் கூழாக்கிப் புதுத் தாள் செய்வார்கள். ஒரே மாதிரிப் படிவத்தை நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் வேறொன்று வந்தது. பொருள் விவரம் என்ற இடத்தில், அனுப்பியவர்கள் ‘பழைய தாள் வரைபடங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். என் விரல் ‘பழைய தாள்’ வரைக்கும் அடித்தது, பழக்கத்தில் கழிவுக் காகிதத்துக்கான சுங்க எண்ணைப் போட்டது, அடுத்த படிவத்துக்குப் போய்விட்டது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தப்பிப் பிழைத்து வந்த காகிதத்தை, ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் நான் குப்பை ஆக்கிவிட்டேன்.

பெட்டிக்குள் இருந்தவை ஐந்து வரைபடங்கள். மேற்குக் கடற்கரையில் ஒரு தீவுக் கோட்டை. கடல் தாண்டி வந்தவர்கள் அதைப் பிடித்து உட்கார்ந்திருக்க, ஒரு சுல்தானின் படை வெளியே சூழ்ந்துகொண்டு மாதக்கணக்கில் முற்றுகை போட்டது. உள்ளே இருந்தவர்கள் வரைந்தவை இரண்டு, வெளியே நின்றவர்கள் வரைந்தவை மூன்று. சண்டைக்குப் பிறகு அவை வெவ்வேறு கைகளுக்குப் போய், இரண்டு நாடுகளின் ஆவணக் காப்பகங்களில் தனித்தனியாகக் கிடந்தன. இத்தனை காலம் கழித்து அந்த இரண்டு காப்பகங்களும் உட்கார்ந்து பேசி, இனி இவை எனது உனது என்று கிடையாது, இருவருக்கும் பொது, இந்தக் கடலோரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொது என்று கையெழுத்துப் போட்டிருந்தன. துறைமுக ஊர்களில் ஒவ்வொன்றாகக் காட்டுவதாக ஏற்பாடு. வழக்கமாக இதெல்லாம் விமானத்தில்தான் வருமாம். இந்த முறை கண்காட்சியின் கண்ணாடிப் பெட்டிகளோடு சேர்த்து, குளிரூட்டிய கன்டெய்னரில், பதினெட்டு டிகிரியில், ஈரம் இல்லாத காற்றில் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள்.

குப்பை எதற்கு ஏசியில் வருகிறது என்று சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம்தான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். பெட்டியை நிறுத்தி வைத்தார்கள். தப்பைத் திருத்த வேண்டுமென்றால் உரிமையாளர் கடிதம் வேண்டும். உரிமையாளர் இரண்டு பேர், இரண்டு நாடு, இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வாரங்கள் ஓடின. மேனேஜர், கப்பல் ஏஜென்ட் பக்கம்தான் தப்பு என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வருடம்தான் எனக்கு வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான்.

இதற்கு நடுவில் அந்தப் பெட்டியைக் காத்தவர் எங்கள் யார்டின் குளிர்பெட்டி மெக்கானிக். குளிர்பெட்டிக்கு யார்டில் ரீஃபர் என்று பெயர், அதனால் எல்லோருக்கும் அவர் ரீஃபர் பாய். தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஐம்பது தாண்டிய ஒல்லி மனிதர், காதில் ஒரு பென்சில், கையில் எப்போதும் கிரீஸ். வரிசையாக நிற்கும் குளிர்பெட்டிகளை மணிக்கொரு தரம் சுற்றி வருவார். திரையில் டிகிரி தெரியும், ஆனால் திரையை அவர் நம்ப மாட்டார். காய்ச்சல் பார்ப்பதைப் போலப் புறங்கையைக் கதவில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சாக்பீஸால் கதவில் நேரத்தை எழுதிவிட்டு நகர்வார். எறாலுக்கும் மீனுக்கும் இதைச் செய்கிற மனிதர், முதல் நாள் எங்கள் பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“காயிதத்துக்கு ஏசியா? என் வூட்ல மனுசனுக்கே ஃபேன் ஓட மாட்டேங்குது.”

எதனால் பெட்டி நிற்கிறது என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. ஆபீஸ் வாசலில் தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் பொதுவாகத் திட்டுவார். “எந்தப் பேமானி எழுதுனானோ, அவன் கைய ஒடிக்கணும். இன்னா கீதுன்னு பாத்து எழுத மாட்டான்?” நான் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத காகிதத்தைத் தேடுவேன். ஒரு நாள் பெட்டியோடு வைத்துக்கொள்ளப் படிவத்தின் நகல் வேண்டும் என்று உள்ளே வந்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்து நிம்மதியானேன்.

பரிசோதனைக்காக ஒரு நாள் பெட்டியைத் திறந்தார்கள். இங்கே கண்காட்சியை நடத்தவிருந்த சென்னைக் காப்பகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பழைய காகிதங்களைப் பேணுவதுதான் அவர் வேலை. கதவு எத்தனை நிமிடம் திறந்திருக்கலாம் என்று பாய் அவரிடம் கேட்டுக்கொண்டு, தன் செல்போனில் அலாரம் வைத்தார். சுங்க அதிகாரி பார்க்க, அந்த அம்மா கையுறை போட்டுக்கொண்டு இரண்டு தாள்களை வெளியே எடுத்துக் காட்டினார். தேநீர்க் கறை நிறம். அதில் செம்பழுப்பு மையில் மதில்கள், கொத்தளங்கள், எறும்பு வரிசையில் படகுகள். நான் என் குற்றத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் மட்டும் குனிந்து, மூச்சு காகிதத்தில் படாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு, வேறு எதையோ தேடினார்.

“இது இன்னாம்மா, இந்த ரவுண்டு ரவுண்டா?”

“தண்ணீர்த் தொட்டிங்க. கோட்டைக்குள்ள மழைத் தண்ணி சேர்த்து வெச்ச இடம்.”

“அத்தானே பாத்தேன். உள்ள கீறவன் தண்ணிய வரைஞ்சிகீறான். வெளிய கீறவன் பீரங்கிய வரைஞ்சிகீறான்.” நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். “ஒண்ண மட்டும் பாத்தா பாதி கததான் தெர்யும். ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும்மா. பிரிக்காதீங்க.”

அதைத்தான் இரண்டு நாட்டுக்காரர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார். அலாரம் அடித்தது. பாய் கதவைச் சாத்தினார்.

பிறகு அந்தப் புயல் மழை வந்தது. எண்ணூர் பக்கம் மழை என்றால் வானத்திலிருந்து மட்டும் வராது. கழிமுகமும் கால்வாயும் சேர்ந்துகொண்டு கீழேயிருந்தும் வரும். காலை பத்து மணிக்கு யார்டில் கணுக்கால் தண்ணீர். பதினோரு மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டர் இருந்தது மூன்று. மூன்றையும் எறால் பெட்டிகளுக்குப் போடச் சொன்னார் மேனேஜர். காகிதம் அழுகிப்போகாது, அதைக் கழற்றி விடுங்கள் என்றார். அந்த அம்மா போனில் என்னிடம் கிட்டத்தட்ட அழுதார். தண்ணீர் பட்டால் மை கரைந்து ஓடிவிடும், ஈரக் காற்று புகுந்தாலே பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் எந்த நாட்டுக்காரனும் எதையும் ஒன்றாக வைக்கச் சம்மதிக்க மாட்டான் என்றார். ஐந்து வாரம் முன்பே போயிருக்க வேண்டிய பெட்டி. அது அங்கே நின்றது என் ஒருத்தியால்.

“எறாலுக்கு ஆள் கீது,” என்றார் பாய். “இதுக்கு யாரு கீறா?”

குளிர்பெட்டியின் தரையில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. வெளியே தண்ணீர் ஏறினால் அந்த வழியாகவே உள்ளே வரும். பாய் முழங்கால் தண்ணீரில் படுத்து, துணியில் கிரீஸைத் தோய்த்து நான்கு ஓட்டைகளையும் அடைத்தார். வெளிக்காற்று போகும் துவாரத்தைத் திருகி மூடினார். கதவு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. என் கண்ணெதிரே தன் சைக்கிள் டியூபை உருவி, கீறி, அந்த இடத்தில் வைத்து அடைத்தார். பிறகு கன்டெய்னர் தூக்கும் வண்டியின் டிரைவரிடம் போய், கெஞ்சலும் மிரட்டலுமாகப் பேசி, இன்ஜின் வரைக்கும் தண்ணீர் வருவதற்குள் அந்தப் பெட்டியைத் தூக்கி ஒரு காலிப் பெட்டியின் தலையில் வைக்கச் செய்தார். மேலே ஏறிவிட்டால் கரன்ட் வந்தாலும் இணைக்க முடியாது. ஆனால் தண்ணீர் தொடாது. உள்ளே இருக்கிற காய்ந்த காற்று தாக்குப்பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

அதற்கு நடுவில் அவர் செல்போன் அடித்தது. சந்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று அவர் மனைவி. “பொண்ண இட்டுகினு மாடி வூட்டுக்குப் போ. கட்டிலுக்கு அடீல கீற பெட்டிய எடுத்துக்க. கனமாகீதா? சரி வுடு, நான் வந்துர்றேன்,” என்றார். வருகிறேன் என்றவர் போகவில்லை. ஏணி போட்டு ஏறிப் புறங்கையைக் கதவில் வைத்துப் பார்ப்பதும், இறங்குவதும், மறுபடி ஏறுவதுமாக மாலை வரைக்கும் நின்றார். எல்லோரும் கிடைத்த லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “நீ போம்மா” என்று இரண்டு தரம் சொன்னார். நான் போகவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். அந்த அம்மா உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்து, பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வரைபடங்கள் போகும் ஊரெல்லாம் கூடவே போகும் நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஊரிலும் அவற்றின் நிலையை எழுத வேண்டும். சென்னை என்று போட்டு, ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாய் செய்ததற்கு எழுத்தில் இருப்பது அந்த மூன்று சொற்கள்தான்.

அவர் வீட்டில் மாற்றம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி முழுக்கத் தண்ணீர். வீட்டுப் பத்திரம், மகளின் மார்க் ஷீட்டுகள், ஹார்பரில் மூட்டை தூக்கிய அவர் அப்பாவின் அடையாள அட்டை. அப்பாவுக்கு இருந்த ஒரே போட்டோ அந்த அட்டையில் இருந்ததுதான். விஷயம் தெரிந்ததும் காப்பகத்து அம்மா, எதையும் பிரிக்காமல் அப்படியே கொண்டு வரச் சொல்லி, மூன்று நாள் உட்கார்ந்து ஒற்றுத்தாள் வைத்து ஒவ்வொன்றாக உலர்த்தினார். பத்திரம் பிழைத்தது. மார்க் ஷீட்டில் எழுத்து மங்கினாலும் படிக்க முடிந்தது. போட்டோவில் மிஞ்சியது ஒரு தொப்பியும் இரண்டு தோள்களும். பாய் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க அத்தா தோள்தான். மூட்ட தூக்குன தோள் தெர்யுது பாரு,” என்று என்னிடம் காட்டினார். நான் அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கடிதங்கள் வந்து, பெட்டியை விடுவித்த அன்று கதவில் போட்டிருந்த போல்ட் சீலை வெட்டியது பாய்தான். இரண்டு துண்டாக விழுந்ததில் ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மற்றதை என் கையில் வைத்தார். “உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு,” என்றார். ஏணி பிடித்ததற்கு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்த வருடம் வேலை நிரந்தரமானது. அவர் சில மாதங்களில் காட்டுப்பள்ளி பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு நாள் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். டோல்கேட் வழியாகத்தான் என் பஸ் தினமும் போகிறது. இறங்கினால் ஐந்து நிமிட நடை.

போன மாதம் இறங்கினேன். அவர் தவறிப்போய் ஒரு வாரமாகியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் எனக்குச் செய்தியே வந்தது. வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அடையாள அட்டை, அதற்கு முன்னால் சீலின் மறுபாதி. நான் யார் என்று எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். என் கண் அந்தச் சீலின் மேலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி கேட்டார்.

“நீ அந்த மேப்புப் பொண்ணுதானே? படிவத்துல தப்பா எழுதுன பொண்ணு?”

பாய் கேட்டு வாங்கிய நகலின் அடியில் டைப் அடித்தவரின் பெயரெழுத்து இருக்கும். வாங்கிக்கொண்டு போன அன்றே பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் திட்டுவதை நிறுத்தியிருக்கிறார்.

“அவுருக்குத் தெரியுமா, அக்கா?”

“தெரியாமயா? இந்த இரும்ப பாக்க சொல்லோ எல்லாம் சொல்லிகினே இருப்பாரு. தப்பா எழுதுனா இன்னா, அத்தினி மழைல எல்லாரும் ஓடிட்டானுங்கோ, அது மட்டும் கூடவே நின்னுச்சின்னு. டீ குடிக்கிறியாம்மா?”

டீ குடித்தேன். நான் பயத்தில் நின்றேன் அக்கா, குற்ற உணர்ச்சியில் நின்றேன், வேறொன்றும் இல்லை என்று அவரிடமும் சொல்லவில்லை. அந்த ஏணியை நான் பிடித்துக்கொண்டிருந்ததை பாய் எனக்கு நல்லதாகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திருத்த இனி யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியவில்லை.

இப்போது நான் அந்த அறையிலேயே மெதுவாக டைப் அடிக்கிறவள். பொருள் விவரம் என்ற இடம் வந்ததும் கை நின்றுவிடும். அனுப்பியவர் எழுதியதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் இரண்டு தரம் படிப்பேன். பக்கத்து சீட்டுப் பெண் இரண்டு படிவம் முடித்துவிட்டு என்னைப் பார்த்து டீ குடிக்கிறாள். இன்று காலையும் யாரோ அந்த இரும்புத் துண்டைக் காகிதங்களின் மேல் வைத்திருந்தார்கள். எடுத்து ஓரத்தில் வைத்தேன். வைப்பதற்கு முன், புறங்கையை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது.