இடப்பக்கச் சிவப்பு

கிண்ணியாவில் மீன்பிடிக்கிற படகு, போட்டு எதற்கும் விளக்குப் பூட்டவேண்டுமென்றால் றிஸ்கானைத்தான் தேடுவார்கள். ஆள் பட்டப்பகலிலேயே கனவு காண்கிறவன். சோற்றில் கையை வைத்தபடி எங்கேயோ மிதந்துகொண்டிருப்பான். "சோறு காயுது, இறங்கி வாங்க" என்று மனைவி பஹ்மியா சொன்னால்தான் தரைக்கு வருவான்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பஹ்மியாவின் கால்கள் இரண்டும் நடக்க முடியாதபடி சோர்ந்துபோயின. கல்யாணம் முடித்த நாளிலிருந்து எங்கே போவதென்றாலும் அவன்தான் அவளைத் தூக்கி ஓட்டோவில் இருத்துவான். ஒரு நாள் அவள் சொன்னாள், "ஒரு தரமாவது நான் தனியப் போகோணும்." சண்டையில்லை, அழுகையில்லை. அதனால்தான் அந்தச் சொல் அவனைப் போட்டுக் குடைந்தது.

பிறகு மனுசனுக்கு இருப்புக்கொள்ளுமா? பழைய ஓட்டோவின் அடிச்சட்டம், பற்றரி மோட்டர், கையாலேயே பிரேக் பிடிக்க ஒரு கம்பி என்று முற்றத்தில் ஒரு வண்டி முளைத்தது. எல்லாவற்றிலும் ஆசையாகச் செய்தது டாஷ்போட்டைத்தான். ஐஸ்கிரீம் பெட்டி மூடியில் துளை போட்டுக் குட்டி பல்புகளைப் பதித்து, பின்னால் வயர்களை ஈயம் வைத்து ஒட்டினான். பற்றரி இறங்க இறங்க ஒவ்வொன்றாய் அணைய ஒரு நீல வரிசை. திரும்பும்போது மினுங்க, பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு விளக்கு. பின்னேரங்களில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு, அதற்குள்ளே அவற்றை எரியவிட்டுப் பார்ப்பான். தூரக் கடலில் போட்டுகள் போவதுபோல இருக்கும். அப்படியே சொக்கிப்போய்க் கிடப்பான், அசட்டு மனுசன்.

முதல் ஓட்டம் களப்புத் தண்ணீரோரம் போகும் மணல் ஒழுங்கைப் பாதையில். ஓட்டியது பஹ்மியா, றிஸ்கான் பக்கத்தில் இருந்தான். இடது பக்கம் திரும்பச் சொன்னான். அவள் சுவிட்சைத் தட்டினாள், உடனே பிரேக்கை இழுத்து நிறுத்தினாள். மறுபடியும் தட்டினாள், மறுபடியும் நின்றாள். வலது பக்கமென்றால் மட்டும் பறந்தாள்.

"ஏன் புள்ள நிக்கிறாய்?"

"சிவப்பு மினுங்குது. நிக்காம என்ன செய்ய?"

"இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதுதானே முறை!"

"அது போட்டுக்கு! நான் என்ன மீன் பிடிக்கவா போறன்?"

வயிறு நோகச் சிரித்தாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நாளே இரண்டு பக்கத்துக்கும் செம்மஞ்சள் பல்பு மாற்றிவிட்டு, பின்னேரம் அவளை இருத்தி அதே ஒழுங்கைக்கு வண்டியைக் கொண்டுவந்தான்.

"இப்ப நீங்க இறங்குங்க" என்றாள் பஹ்மியா.

"பிரேக் கம்பி புதுசு. இன்னொரு தரம் நானும் வாறன்."

"இறங்குங்க."

இறங்கினான். வண்டி மெல்ல மெல்லப் போனது. கண்டல் மரங்களுக்குக் கிட்டே இடப்பக்க விளக்கு மினுங்கியது. இந்தமுறை அவள் நிற்கவில்லை. மரங்களுக்குப் பின்னால் வண்டி மறைந்தது. அல்லாஹ்வே, பின்னால் ஓடவேண்டும் போலிருந்தது அவனுக்கு. ஓடினால் எல்லாம் வீண் என்றும் தெரிந்தது. களப்பு பொன்னாகி, ரோசாவாகி, சாம்பலாகிக்கொண்டே போனது. அவன் மணலில் குந்தியிருந்தான்.

அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்ல முன்னம் வந்து சேர்ந்தாள். வண்டிச் சில்லுகள் நனைந்திருந்தன. அவளுடைய சாரிக் கரையும் நனைந்திருந்தது. எங்கே போனாய் என்று கேட்க வாயெடுத்தவன், மூடிக்கொண்டான். இத்தனை வருசத்தில் அவனுக்குத் தெரியாத ஓரிடத்துக்கு அவள் போய்வந்தது இதுதான் முதல் தடவை.

"எங்க போனனெண்டு கேக்கல்லியா?"

"இல்ல."

"நல்லம்" என்று சொல்லி, அவன் தூக்குவதற்குக் கையை நீட்டினாள்.