ரிலீவர் வரும்வரை

எழுதிவைக்காத ஒரு நாடகத்தில் ஒருவர் இல்லாமல் போனால், இல்லாமல் போனது எது? வசனமாக இருந்தால் இன்னொருவர் மனப்பாடம் செய்துவிடலாம். இங்கே எழுதிய வசனமே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரியில் முதல் வகுப்பை முடித்து வந்தபோது சாந்தி அழைத்தாள். மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவள்; எங்கள் நாடகக் குழுவில் ஒருத்தி. "குணா அண்ணன் போயிட்டாருங்க மேடம்" என்றாள். எங்கே என்று கேட்டுவிட்டேன். மாரடைப்பு. நாற்பத்து நான்கு வயது.

இந்தச் சுரங்க நகரியத்தில் இருக்கும் உங்களில் பலர் குணசேகரனைச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டியவராக அறிவீர்கள். சென்னையில் தங்கை வீட்டுக்குப் போனவர், அங்கே ஒரு நாடகப் பயிற்சியில் தற்செயலாக உட்கார்ந்துவிட்டு வந்தார். பார்ப்பவர்கள் ஒரு சொல் கொடுப்பார்கள். அதிலிருந்து எழுத்தும் ஒத்திகையும் இல்லாமல் ஒரு மணி நேர நகைச்சுவை நாடகம் வளர வேண்டும். திரும்பியதும் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் ஒரு தாள் ஒட்டினார்: 'நடிக்கத் தெரியாதவர்கள் தேவை.' ஏதோ ஏமாற்று வேலையோ என்று பார்க்கத்தான் போனேன். எங்களைவிட ஒரு வாரப் பாடம் அதிகம் தெரிந்தவர், அவ்வளவுதான். அதை அவரே சொன்னார்.

முதல் நாள் பயிற்சியில் நடுங்கிக்கொண்டே என்னிடம் வந்து, மழையில் நனைந்துவிட்டேன், துண்டு கொடுங்கள் என்றார். வெளியே வெயில்தானே அடிக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், காட்சி அங்கேயே நின்றுபோனது. அவர் சிரிக்கவில்லை.

"ஷிஃப்ட் மாறும்போது வர்றவன், ஏன்யா இங்க கொண்டாந்து வுட்டன்னு சண்டை போட்டுக்கினு நிக்க மாட்டான் மேடம். எங்க வுட்டிருக்கன்னு கேப்பான். அங்கேர்ந்து எடுத்து ஓட்டுவான். நீங்க மெஷினையே ஆஃப் பண்ணிட்டீங்க."

அவருடைய இரண்டாவது விதியும் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். அடுத்த ஷிஃப்ட் ஆளான ரிலீவர் வராமல் இயந்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. காட்சி தடுமாறினாலும் அப்படியே நிற்க வேண்டும், யாராவது வருவார்கள்.

ஒருமுறை காட்சிக்கு நடுவே சாந்தி கைகளைக் குவித்து ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதினாள். அவளுக்குக் கணவனாக நடித்த கன்வேயர் செக்‌ஷன் கலியபெருமாள், இருபது வருடப் பழக்கத்தில், பையை எடுத்துக்கொண்டு நிஜமாகவே சைக்கிள் ஸ்டாண்டு வரை போய்விட்டார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் திரும்பியபோது குணா மேடையிலிருந்தபடியே, "வாங்க மாப்ள, அதுக்குள்ள ரிட்டையர் ஆயிட்டீங்களா?" என்றார். அன்றைய மீதி நாடகம் முழுவதும் அந்த ஓய்வுபெற்ற மாப்பிள்ளையின் கதைதான்.

என்னைப் பற்றி அவருக்கு ஒரு குறை உண்டு. "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே மார்க் போட்டுப் பாக்குறீங்க" என்பார். உண்மை. இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் முதலில் மேடையேறியதில்லை. வெறும் மேடையில் முதல் ஆளாகப் போய் நிற்பது எப்போதும் அவர்தான்.

சனிக்கிழமை தகனம் முடிந்து டீக்கடையில் நின்றோம். அதுவரை எங்களுக்குள்ளேயே நடித்துவந்த எங்களுக்கு மறுநாள் மாலை முதல் பொது நிகழ்ச்சி. வேண்டாம் என்றார் கலியபெருமாள். "எழவு வூட்லேர்ந்து வந்து மறுநாளே சிரிப்பு காட்டுனா ஊரு என்னங்க பேசும்?" ஊர் பேசத்தான் செய்யும். ஆனால் இப்போது நிறுத்தினால் மறுபடி கூட மாட்டோம் என்பது அவருக்கும் தெரியும். நடத்துவோம், முதலில் நான் போகிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

எனக்கு அவர் விட்டுப்போனது அந்த இரண்டாவது விதி. ஆறுதல் வார்த்தைகளை நம்பாத எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் பாதி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. ஒரு சொல் கேட்டோம். பின்வரிசையிலிருந்து ஒருவர் "டிபன் பாக்ஸ்" என்றார். மேடைக்குப் போய், கையில் இல்லாத டிபன் பாக்ஸின் மூடியைத் திருகினேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பக்கவாட்டில் நின்றவர்கள் அசையவில்லை, சாந்தி அழுதுகொண்டிருந்தாள். படிகள் நான்கடி தூரத்தில்தான் இருந்தன. இறங்காமல் திருகிக்கொண்டே நின்றேன்.

கடைசியில் கலியபெருமாள் கண்களைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

"வந்துட்டேங்க. எங்க வுட்டிருக்கீங்க?"

"இன்னும் தொறக்கவே இல்ல."

"சரி, குடுங்க."

டப்பாவை வாங்கித் தொடையிடுக்கில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். இரண்டாம் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகுதான் நான் இறங்கினேன்.