பஸ்ஸுக்காக நடந்த மலை

போன கிழமை ஹட்டனில் ஒரு கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். வாசலில் புது மழைக்கோட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் புது ரப்பர் வாசம் உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ, எனக்கு அது மூக்கில் ஏறினால் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். ஒரு கோட்டை இழுத்து முகர்ந்துகொண்டு நின்றேன் போலிருக்கிறது, கடைக்காரத் தம்பி வந்து, "சைஸ் பாக்கவா அங்கிள்?" என்று கேட்டார். "வேணாம் தம்பி, வாசம்தான் பாத்தேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, விலை எழுதிய அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

என் வாழ்க்கையின் முதல் மழைக்கோட்டை எனக்குக் கொடுத்தது ஒரு திட்டம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் ரொட்டியைத் தின்றுகொண்டு சும்மா இருந்த காலத்தில், எங்கள் ஊரின் வீதிகளையும் பஸ்களையும் ஒழுங்குபடுத்தப்போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. அதில் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். முதுகில் மூன்று மொழியிலும் 'போக்குவரத்து ஆய்வு' என்று அச்சடித்த மஞ்சள் கோட்டு ஒன்று, ஒரு முக்காலி, ஒரு கட்டுப் படிவம். கோட்டு என்னைவிட இரண்டு அளவு பெரியது. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வீட்டுக்குப் போனபோது எங்கள் நாய் என்னை உள்ளே விடவில்லை. எனக்கோ பெரிய உத்தியோகத்தர் ஆகிவிட்ட நினைப்பு.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கடைவீதியாக இருந்த ஊர், நாலைந்து வருடத்தில் பொங்கின பால் மாதிரி எல்லாப் பக்கமும் வழிந்துவிட்டது. அதிலும் பதினைந்தாம் நம்பர் மலை! பெயரே சொல்கிறது, அது தேயிலை மலை; தோட்டத்தில் மலைகளுக்கு நம்பர்தான் பெயர். தோட்டம் அதைக் கைவிட்டதும் லயத்து வரிசை அறைகளில் இருந்த சனங்களுக்கு அங்கே தனி வீடு கொடுத்தார்கள். பின்னாலேயே கடைக்காரர்களும் ஆசிரியர்களும் காணி வாங்கி மாடி கட்டினார்கள். தேயிலைச் செடி இருந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கிகள் முளைத்தன. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து மலைக்குப் போவதற்கு இருந்ததெல்லாம் பழைய கொழுந்து லொறி ஏறிய ஒண்ணரை மைல், எங்கள் பேச்சில் ஒண்ணரைக் கட்டை, கல் ரோடு ஒன்றுதான். பஸ் கிடையாது. மூன்று ஆட்டோ உண்டு, மழை பெய்தால் அவையும் கிடையாது.

அந்த மலையில்தான் தவமணி அக்கா இருந்தார். தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்கு கினிகத்தேனைப் பக்கம் ஒரு கார்மென்ட்டில் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் குடும்பத்தில் கூடையைக் கழற்றி வைத்த முதல் ஆள் அவர்தான். ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். கார்மென்ட் வேன் விடிகாலையில் மெயின் ரோட்டில் அரை நிமிடம் நிற்கும். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, இப்படிச் சில நாள் போனால் வேலையே இல்லை. அதனால் இருட்டோடு டோர்ச் லைட்டுடன் இறங்குவார். எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. அக்கா செல்போனில் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு நடப்பார். "பாட்டு வச்சா அது நின்னு கேக்கும் தம்பி. செய்தி வச்சா ஓடிரும்" என்பார். சிறுத்தையைப் பற்றி அவ்வளவு தெளிவாக யோசித்தவர்களை நான் பார்த்ததில்லை.

எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், கோபமே வராது. எதைக் கேட்டாலும் படிவத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அந்தப் படிவத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. மாட்டு வண்டிக்குக்கூட இருந்தது. எங்கள் ஏற்றத்தில் மாடே மூச்சு வாங்கித்தான் ஏறும். சைக்கிளுக்கும் ஒரு கட்டம். ஊரில் இருந்ததே ஒரு சைக்கிள், லொத்தர் சீட்டு விற்கிறவருடையது. ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு ஏறுவார், பிரேக் பிடிக்காததால் இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே இறங்குவார். அதில் அவர் ஏறி உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன். சேர் நெடுநேரம் யோசித்தார்.

"தள்ளிக்கொண்டுதானே போறார்? நடையிலை போடும்" என்றார். பிறகு ஒன்றை அழுத்தமாகச் சொன்னார். "தம்பி, நிக்கிற ஆக்களை எண்ணக் கூடாது. உம்மைக் கடந்து போற ஆக்களை மட்டும்தான் எண்ண வேணும்."

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பதினைந்தாம் நம்பர் மலையின் முச்சந்தியில் முக்காலியைப் போட்டு, இடது முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்; மூன்று நாளும் அப்படித்தான். பனி. கையில் படிவமும் பென்சிலும். அப்போது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எங்கள் சனங்கள் தலைமுறை தலைமுறையாகக் காலையில் பெரட்டுக்குப் போனவர்கள். ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை முழு நாள் கூலிக்கு முழுப் பேர், அரை நாளுக்கு அரைப் பேர் என்று பெயரைக் குறித்துக்கொண்டு இன்ன மலைக்குப் போ என்பார், பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப் பழகிய கால்களுக்கு முன்னால் விடிகாலையில் ஒருவன் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒருவர் வந்து நின்றார். அவர் பின்னால் இன்னொருவர். கால் மணி நேரத்தில் மலையே என் முன்னால் வரிசை கட்டிவிட்டது.

"ராமாயி வந்திருக்கேன், பேரப் போட்டுக்குங்க."

"அரப் பேரா, முழுப் பேரா தம்பி?"

வேலையை விட்டு இருபது வருடமான பெரியசாமி தாத்தா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நின்றார். "எந்த மலைக்குங்க போகணும்?" என்று என்னைக் கேட்டார். மாடி வீட்டிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி மனேஜர்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று வரிசையின் கடைசியில் நின்றார். அவர் தகப்பனாரும் பெரட்டில் நின்றவர்தானே. எல்லாரும் நின்றார்கள், ஒருவரும் என்னைக் கடக்கவில்லை. பகல் வரைக்கும் என் படிவத்தில் விழுந்தவை இரண்டு ஆட்டோக்கள் மட்டுமே. ஒரு நாயும் கடந்து போனது, நாய்க்குக் கட்டம் இல்லை.

அன்று பின்னேரம், ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்த தவமணி அக்கா என் முக்காலிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கால் வீங்கியிருந்தது.

"இதெல்லாம் எண்ணி என்னா தம்பி ஆகப்போகுது?"

தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். உண்மையில் எனக்குத் தெரியாது. ஆனால் நான் மஞ்சள் கோட்டு போட்டிருந்தேன். "எவ்வளவு பேரு இந்த ரோட்டுல போறாங்களோ, அவ்வளவு வெரசா பஸ் வரும்க்கா. நின்னா எண்ண மாட்டோம், போகணும்" என்றேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே அங்கே வைத்து உண்டாக்கியது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சந்தனம் தலைவர் வீட்டுக்குப் போனார்.

சந்தனம் தலைவர் எங்கள் பக்கத்துத் தொழிற்சங்கத் தலைவர். வேலைநிறுத்தம் நடத்தியே பழகிய மனிதர், நடக்கச் சொல்லும் போராட்டம் அவருக்கும் அதுதான் முதல் தடவை. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். "நாளைக்கி ஒருத்தரும் நிக்கக் கூடாது. நடக்கணும். போகணும், வரணும், திரும்பப் போகணும். தம்பி கண்ணுல படுற மாதிரி போகணும்" என்று உத்தரவு போட்டார். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பதினைந்தாம் நம்பர் மலை நடந்தது. ஒரு கூட்டம் இறங்கும், ஒரு கூட்டம் ஏறும். ஒரே பச்சைக் குடை என் முன்னால் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதற்கும் கோடு போட்டேன், கடந்தால் எண்ண வேண்டும் என்பதுதானே சட்டம். பெரியசாமி தாத்தாவால் நடக்க முடியவில்லை என்று நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். போனில் சேரைக் கேட்டேன். "தூக்கினவையோடை சேர்த்து அஞ்சு" என்றார். இந்தச் செய்தி பரவியதும் தாத்தாவை இறக்கவே விடவில்லை. நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று மூன்று ஆட்டோக்காரர்களும் வண்டியைக் கீழே ஓரங்கட்டிவிட்டு அவர்களும் நடந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சனம் சோர்ந்தபோது தலைவர் தப்பு மேளம் அடிக்கிறவர்களைக் கூட்டி வந்தார். தப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஏதோ திருவிழா என்று பூவும் பழமுமாக வந்து சேர்ந்து, சாமி எங்கே என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அவர்களுக்கும் கோடு போட்டேன்.

அந்த இரண்டு நாளும் தவமணி அக்கா வேலை முடிந்து ஒண்ணரைக் கட்டை ஏறி வந்து, மேலே வீட்டுக்குள் போகாமல் திரும்பி என் முன்னால் இறங்கினார். "போதும்க்கா, போய்ப் படுங்க" என்றேன். "இன்னும் ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன் தம்பி. பஸ்ஸு மட்டும் வந்துருச்சுன்னா எனக்கு வேல நெலைச்சிரும்" என்றார்.

சேருக்குப் படிவங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "இப்பிடி ஒரு சனத்தை நான் வாழ்க்கையிலை காணேல்லை" என்றார். கட்டுகளைக் கொழும்புக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் வண்ண வண்ண வரைபடங்களோடு அறிக்கை திரும்பி வந்தது. பிரதேச சபை மண்டபத்தில் கூட்டம். மலையிலிருந்து எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். தவமணி அக்கா லீவு கேட்டு வந்து முன் வரிசையில் இருந்தார்.

சேர் எழுந்து வாசித்தார். ஊரிலேயே அதிகம் பேர் நடந்து போகும் வீதி பதினைந்தாம் நம்பர் மலை வீதி. கடைசி இரண்டு நாளில் அங்கே ஒரு வாகனம்கூடப் பதிவாகவில்லை. ஆகவே அங்கே பஸ்ஸுக்குத் தேவை இல்லை. நடப்பவர்களின் பாதுகாப்புக்காக வாகனங்களை முற்றாக நிறுத்திவிட்டு, அதை மாதிரி நடைபாதையாக மாற்ற வேண்டும். செங்குத்தான மூன்று இடங்களில் படிக்கட்டு, கைப்பிடி, ஆங்காங்கே உட்கார்ந்து இளைப்பாற மர வாங்கு.

சந்தனம் தலைவர்தான் எழுந்தார்.

"சேர், நாங்க பஸ்ஸுக்குத்தான் சேர் நடந்தோம்."

சேர் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார், அதையும் சொல்ல வேண்டும். "ஏன் நடக்கினம் எண்டு எழுதுறதுக்கு இதிலை இடமில்லையே" என்றார்.

வெளியே வந்ததும் தவமணி அக்கா என் கோட்டுக் கையைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாம நடந்தது பத்தல போல தம்பி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நடைபாதை வேலை தொடங்கி ரோட்டைக் கிண்டிப் போட்டார்கள். மழைக்காலம் முழுக்க அது அப்படியே கிடந்தது. அக்கா அடுத்த மலையைச் சுற்றி இறங்க வேண்டியதாயிற்று. செய்தியைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு வேகமாக நடந்தாலும் வேன் போய்விடும். ஆறு மாதம் முடிவதற்கு முன்பே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு போனார். பிறகு குவைத்துக்குப் பயணம் ஏற்பாடானது. அதற்குள் நடைபாதையைக் கட்டி முடித்திருந்தார்கள், எயார்போட் வேன் படிக்கட்டில் ஏறாதே. அவர் பெட்டியை நாலைந்து பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கினோம். வழியில் வாங்கு இருந்தது, ஆனால் யாரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு மலை மெல்லக் காலியாயிற்று. பெரியசாமி தாத்தா போய்ச் சேர்ந்தார். சந்தனம் தலைவர் மகளோடு வத்தளைக்குப் போய்விட்டார். ராமாயி அக்கா குடும்பமும் ஆட்டோக்காரர்களும் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். வீடுகள் கைமாறி, மேலும் இரண்டு மாடி உயர்ந்தன. ஒரு பெருமழையில் மண் சரிந்து படிக்கட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. கல்லையும் மண்ணையும் அள்ள வந்த இயந்திரம் சும்மா போகாமல் அகலமாக ஒரு ரோட்டை வெட்டிவிட்டுப் போயிற்று. தார் போட்டார்கள், போன வருடம் பஸ்ஸும் விட்டார்கள். எந்த ஆய்வும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒருநாள் நானும் ஏறினேன். "பதினைஞ்சாம் நம்பர் மலைக்கு ஒண்ணு" என்றேன். கண்டக்டர் பையனுக்கு அப்படி ஓர் இடம் தெரியவில்லை. அதற்கு இப்போது இங்கிலீஷில் ஏதோ தோட்டப் பெயராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவமணி அக்கா குவைத்திலிருந்து பேசினார். அவருக்கு அங்கே வேலை பரவாயில்லையாம். "ஆனா நடக்கவே விடுறதில்ல தம்பி. மூணாவது வீட்டுக்குப் போறதுன்னாலும் கார்லதான் கூட்டிட்டுப் போறாங்க" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நம்ம மலைக்கு பஸ் வந்துருச்சாமே. ஏறுனீங்களா?"

"ஏறுனேன்க்கா."

"சீட்டு கெடைச்சிச்சா?"

"கெடைச்சிச்சுக்கா. ஜன்னல் சீட்டு."

"நம்ம ஆளுகெல்லாம் ஏறுறாங்களா?"

"ஏறுறாங்கக்கா" என்றேன். அன்றைக்கு நடந்தவர்களில் ஒருவர்கூட அந்த பஸ்ஸில் இல்லை.